மூன்றாம் தரப்பு

நெவில் குவிர்க் மறுபடியும் மலத்தொட்டியைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தான். ஜூன் மாதத்து மேல்காற்று ஆற்றங்கரைச் சவுக்கு மரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் மண் என்று சொல்ல அதிகமில்லை. பாதி களி, பாதி மூன்று தலைமுறையாகக் கொட்டிய சிப்பி ஓடு. கடப்பாரை இறங்கும்போதெல்லாம் பல் கூசுகிற சத்தம் வந்தது. தொட்டியின் நான்கு பக்கமும் அடிவரைக்கும் வெளியே தெரிந்தது. எந்தப் பக்கத்திலும் ஒரு மயிரிழை விரிசல் இல்லை.

அவன் மனைவி ரேலீன் ஆற்றிலிருந்து ஏறி வந்தாள். மார்புவரை ரப்பர் உடை, அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. விடிந்ததிலிருந்து சிப்பிக் கூடைகளைத் தூக்கி, உலுக்கி, திருப்பிப் போட்டுவிட்டு வருகிறாள். விற்கக்கூடாது என்று உத்தரவு போட்டவர்கள் சிப்பியிடம் வளரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. திருப்பாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சேற்றுப்புழு ஏறும். இரண்டு ஆள் வேலை. அக்டோபரிலிருந்து ஒரே ஆளாகச் செய்கிறாள்.

"விரிசல் கெடச்சுதா?"

"இன்னும் இல்ல."

"நேத்து பார்த்த பக்கம்தானே அது?"

"நேத்து வெளிச்சம் பத்தல."

"முந்தாநாளு?"

நெவில் கடப்பாரையை ஓங்கினான். அது கிளைவ் மோட்ரமுடைய கடப்பாரை. ஆற்றில் இவர்களுக்கு மேலே, வளைவுக்கு அப்பால் சிப்பிக் குத்தகை வைத்திருப்பவன் கிளைவ். முல்லாரா ஊரே குவிர்க் வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்காமல் போன பிறகும் வந்துகொண்டிருந்த ஒரே ஆள். கடப்பாரையைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். முதல் இரண்டு ஞாயிறும் நெவிலோடு குழியில் இறங்கித் தோண்டியவனும் அவன்தான். 'இவனல்லவா மனுஷன்' என்று ரேலீன் அன்று அவனுக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பமும் தேநீரும் கொடுத்து வாயாரச் சொன்னாள்.

நடந்தது இதுதான். அந்த ஆற்றில் யாரும் சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குச் சொந்தச் சிப்பியை வைக்கமாட்டார்கள். பக்கத்துக் குத்தகைக்காரன்தான் வைக்கவேண்டும். காசு வாங்கமாட்டான், அவனே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தியில் நின்று உடைத்துக் கொடுப்பான். அது அவனுக்கு மரியாதை. போன அக்டோபரில் கிளைவின் மகள் டீகன் கல்யாணத்துக்கு நெவில் வைத்தான். அன்று காலை படகை எடுக்கும்போது கொட்டகைத் தூணில் தொங்கிய மழைமானியைப் பார்த்தான். சொட்டு இல்லை. முல்லாரா ஆற்றில் சிப்பிக்காரனுக்கு வேதம் அது ஒன்றுதான்: மழை பெய்தால் ஊர் அழுக்கெல்லாம் ஆற்றில் இறங்கும், அறுவடை கிடையாது, மானி காய்ந்திருந்தால் ஆறு சுத்தம். ஆற்றில் என்னவோ நாறுகிறதே என்று ரேலீன் கேட்டதற்குக்கூட, "வத்தம் ஜாஸ்தி, தண்ணி எறங்கிச் சேறு நாறுது" என்றான். அவளும் சரி என்றுவிட்டாள்.

அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களில் பாதிப்பேர் விடிவதற்குள் வாந்தியும் பேதியுமாய்ப் படுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, இன்றைக்கும் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சிப்பியைச் சோதித்தவர்கள் மனிதக் குடலிலிருந்து வந்த கிருமி என்றார்கள். உடனே அதிகாரிகள் பக்கத்தில் எங்கே கக்கூஸ் இருக்கிறது என்று பார்த்தார்கள். நெவிலின் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவன் தன் கையாலேயே தோண்டி இறக்கிய தொட்டி. 'அதுவே காரணமாக இருக்கலாம் என்பதை மறுக்க இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை முடிவதற்குள் வேறு காரணம் காட்டாவிட்டால் குத்தகை ரத்து.

குத்தகை போனால் போகட்டும் என்றுகூட ரேலீன் நினைத்துவிடுவாள். இந்த மனிதன் அந்த எழுத்தை நம்பிவிட்டானே, அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. தன் வீட்டு மலத்தைச் சினேகிதன் மகள் கல்யாணத்தில் எலுமிச்சை பிழிந்து பரிமாறிவிட்டோம் என்று நம்பினான். பௌலிங் கிளப்புக்குப் போவதை விட்டான். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்து நடக்கும் குலுக்கலுக்கு இருபது வருஷமாகச் சீட்டு விற்றவன், அந்தச் சீட்டுக்கட்டை வேறு யாரிடமோ கொடுத்தனுப்பினான். படகில் ஏறுவதில்லை. தோண்டினான். கண்டிப்பாக ஒரு விரிசல் இருக்கவேண்டும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் தண்டனை முடிந்துவிடும் என்பதுபோலத் தோண்டினான்.

ரேலீனுக்குச் சந்தேகம் வேறு இடத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைக்குப் போய்விட்டு வரும்போது, வளைவுக்கும் மேலே இருக்கிற ஊர்க் கழிவுநீர் பம்ப் ஹவுஸ் வாசலில் இரண்டு டாங்கர் லாரியும், தரை முழுக்கக் குழாயும், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஆட்களையும் பார்த்திருந்தாள். அன்றைக்கு என்ன நடந்தது என்று, தொட்டியைக் குறை சொன்ன அதே துறைக்கு எழுதிக் கேட்டாள். கேட்பது குடிமக்கள் உரிமை என்று அவர்களே போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். டேமியன் என்று ஒரு பையன் நகரத்து அலுவலகத்திலிருந்து போன் செய்தான். முகம் தெரியாத பையன், ஒன்றாய்ப் பள்ளிக்கூடம் போனவன் மாதிரி பேர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

"உங்க விண்ணப்பம் ரொம்பப் பரந்து இருக்கு, ரேலீன். 'போன வருஷத்துலேர்ந்து ஆத்துத் தண்ணி பத்தின எல்லாக் காகிதமும்'னு போட்டிருக்கீங்க."

"ஆறு ஒண்ணுதானே ஓடுது. துண்டு போட்டா கேக்க முடியும்?"

"இல்ல, அதைத் தேடணும், படிக்கணும், மறைக்க வேண்டியதை மறைக்கணும், சம்பந்தப்பட்டவங்ககிட்டக் கலந்து பேசணும். அறுபது மணி நேரம் ஆகும்னு கணக்குப் போட்டிருக்கோம். கையாளும் கட்டணம் மணிக்கு முப்பது டாலர். பாதி முன்பணம்."

"மறைக்கிறதுக்கும் நான்தான் கூலி குடுக்கணுமா?"

"அதுவும் கையாள்றதுல சேர்ந்ததுதான்."

"தம்பி, ஒருத்தன் என் கண்ணைக் கட்டறான். கட்டினதுக்குக் கூலியும் என்கிட்டயே கேக்கறான். நல்லா இருக்கே இது."

டேமியன் கோபப்படவில்லை. கோபப்படாமல் இருக்கத்தான் அவனுக்குச் சம்பளம். "பொதுநலன் சம்பந்தப்பட்டதுன்னா பாதி தள்ளுபடி உண்டு. ஆனா இது உங்க குத்தகை பத்தின தனிப்பட்ட விஷயமாத்தான் தெரியுது."

"ஊரே சேர்ந்து பேண்டது ஆத்துல இறங்கியிருக்கு. அது எப்படிய்யா என்னோட தனிப்பட்ட விஷயம்?"

"அது இன்னும் நிரூபணம் ஆகலையே."

"நிரூபிக்கத்தானே காகிதம் கேக்கறேன்."

"புரியுது, ரேலீன். கஷ்டத்துல இருக்கறவங்களுக்கும் தள்ளுபடி உண்டு. அரசாங்க உதவித்தொகை அட்டை இருக்கா?"

"ரெண்டு படகு பேர்ல இருக்கு. எங்களுக்கு எவன் அட்டை குடுப்பான்?"

"அப்ப முழுக் கட்டணம்தான் வரும்," என்றான் டேமியன். அவள் போனை வைத்துவிட்டு, கிச்சனில் நின்று, அந்தப் பையனைப் பெற்றவளையும் வளர்த்தவளையும் சேர்த்து ஒருபாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு சின்னப் படகின் மோட்டாரை விற்க முடிவு செய்தாள்.

வாங்கிக்கொண்டது கிளைவ். கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்தான். கொடுத்துவிட்டு உடனே போகவும் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துச் சுற்றிக்கொண்டே நின்றான்.

"நீ எதுக்கு விக்கறேன்னு கேக்கலாமா?"

"துறையில காகிதம் கேட்டிருக்கேன். அதுக்குக் கட்டணம்."

"அந்தக் காசுல கொட்டகைக் கூரையை மாத்து, ரேலீன். அவனுங்க ஒண்ணும் தரமாட்டானுங்க."

"தரலைன்னாலும் கேட்டோம்னு இருக்கட்டும்."

"ஆத்தைக் கிளறினா எல்லாருக்கும்தான் நாறும். சிட்னி வியாபாரிங்க காதுல விழுந்தா முல்லாரா சிப்பின்னு சொன்னாலே ஓடிடுவானுங்க. பேசாம இருந்தா காலம் போகப் போக மறந்துடுவாங்க."

"நெவில் மறப்பானா? நீயே பாக்கறயே அவனை."

கிளைவ் குழிப் பக்கம் பார்த்தான். "பாவம்," என்றான். கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. ரேலீன்தான் அவன் தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

மே முழுக்கக் காத்திருந்தாள். இரண்டாவது பாதிப் பணத்தையும் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது; கட்டினாள். ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரி தடித்த உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். ரேலீன் கையைத் துடைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தாள். முதல் தாள் கறுப்பு. இரண்டாவது தாளில் மேலே தேதி, கீழே பக்க எண், நடுவில் கறுப்பு. பம்ப் ஹவுஸ் என்ற வார்த்தை ஒரு இடத்தில் தெரிந்தது, அதற்கு முன்னும் பின்னும் கறுப்பு. காரணம்: வழக்கு வந்தால் பாதிக்கக்கூடும். ஒரே ஒரு தாள் முழுசாகத் தெளிவாக இருந்தது. வேலைக்கு வந்த லாரிகளைக் கேட்டை மறிக்காமல் நிறுத்தவேண்டும் என்று யாரோ ஊழியர்களுக்கு எழுதிய சுற்றறிக்கை அது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். சின்னப் படகின் மோட்டாரை விற்று வாங்கிய காகிதம் அதுதான்.

கடைசியில் கட்டண விவரம் இருந்தது. தேடியது இத்தனை மணி, படித்தது இத்தனை மணி, மறைத்தது இத்தனை மணி. அதற்குக் கீழே, மூன்றாம் தரப்பைக் கலந்தாலோசித்தது என்று ஏழு மணி நேரம். அவள் டேமியனைக் கூப்பிட்டாள்.

"இந்த மூணாம் தரப்பு யாரு? ஏழு மணி நேரம் என்னத்தப் பேசினீங்க?"

"காகிதத்துல இன்னொருத்தரோட தொழில் சம்பந்தமான தகவல் இருந்தா, வெளிய குடுக்கறதுக்கு முன்னாடி அவரைக் கேட்கணும், ரேலீன். அது விதி. கடிதம் எழுதி, அவர் பதில் போட்டு, மறுபடி எழுதி..."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஆட்சேபிச்சாரு. அதான் அந்தப் பக்கங்கள் மறைச்சிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"பன்னெண்டுலேர்ந்து பதினாறு. யாருன்னு மட்டும் நான் சொல்ல முடியாது."

ரேலீன் பன்னிரண்டாவது பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். கறுப்புக்கு மேலே தலைப்பை மட்டும் மறக்காமல் விட்டிருந்தார்கள்: மேல் குத்தகை, சிப்பிப் பரிசோதனை. தேதி கல்யாணத்துக்கு அடுத்த வாரம். ஊர்ப் பாலத்துக்கு மேலே அந்த ஆற்றில் இரண்டே குத்தகைதான் இருக்கிறது. கீழே இருப்பது இவர்களுடையது.

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். "தம்பி," என்றாள், "அந்த ஆளே வந்து குடுக்கலாம்னு சொன்னா குடுப்பீங்களா?"

"இந்த விண்ணப்பம் முடிஞ்சுடுச்சு. புது விண்ணப்பம் போடணும்."

"புதுக் கட்டணத்தோட."

"ஆமா, ரேலீன். சாரி."

"உன் சாரிக்கு எவ்வளவு? அதையும் பில்லுல சேர்த்துடு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கிளைவ் தன் கொட்டகையில் சிப்பி தரம் பிரித்துக்கொண்டிருந்தான். எந்திரம் சடசடவென்று ஆடியது. ரேடியோவில் யாரோ கால்பந்துக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். பெருசு ஒரு தொட்டியில், நடுத்தரம் ஒரு தொட்டியில் விழுந்தது. மரப்பெட்டிகள் மேல் சிட்னி ஹோட்டல் பேர்கள் எழுதியிருந்தன. ரேலீன் போய் நேராகச் சுவிட்சை அணைத்தாள்.

"என்ன, ரேலீன்? நெவிலுக்கு ஏதாவது..."

"கல்யாணத்துக்கு மறுவாரம் உன் சிப்பியையும் எடுத்துச் சோதிச்சாங்களா?"

அவன் கையுறையைக் கழற்றினான். ரொம்ப நிதானமாக, விரல் விரலாகக் கழற்றினான். "டீ போடட்டுமா?"

"கிளைவ், என் மோட்டாரை நீ வாங்கின. அந்தக் காசைக் கொண்டுபோய் நான் கட்டினேன். அவனுங்க அதுல ஏழு மணி நேரம் உன்கிட்டப் பேசி, 'உன் சமாச்சாரத்தை ரேலீன்கிட்டச் சொல்லலாமா'ன்னு கேட்டிருக்கானுங்க. நீ வேணாம்னு சொல்லியிருக்க. உன்னைக் கேக்க உன் காசையே கட்டியிருக்கேன் நான். எனக்கு உன் டீ வேணாம். வாயைத் திற."

கிளைவ் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அவன் சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துத்தான். கல்யாண வேலைக்கு நடுவில் அதே காலையில் அவனும் சிட்னிக்கு ஒரு லோடு ஏற்றிவிட்டான். அவனுடைய மழைமானியும் காய்ந்துதான் இருந்தது. மறுவாரம் ஒரு ஹோட்டல்காரன் போன் செய்தான். சாப்பிட்டவர்கள் எல்லோருக்கும் வாந்தி. கிளைவ் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாயை அடைத்தான். துறைக்காரர்கள் வந்து சோதித்தார்கள். அதே கிருமி. தொழில் ரகசியம் என்று எழுதிக் கொடுத்து, மீதி மூட்டைகளைச் சத்தமில்லாமல் அழித்து, மூன்று வாரம் முதுகுவலி என்று சொல்லி அறுவடையை நிறுத்தினான்.

"துறைக்கும் தெரியுமா?" என்றாள் ரேலீன். "உன் தண்ணியிலயும் இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் எங்க தொட்டியைக் காட்டினானுங்களா?"

"அவனுங்களுக்கும் பம்ப் ஹவுஸ் வெளிய வந்துடக் கூடாது. எனக்கும் பேர் வெளிய வந்துடக் கூடாது. யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் பேசிக்கல, ரேலீன். சத்தியமா. தானா அப்படி அமைஞ்சுது."

"தானா அமைஞ்சுதா? நீ குழியில எறங்கினது தானா அமைஞ்சுதா?"

"அவன் தனியாத் தோண்டறதைப் பார்க்க முடியல."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பானேடா."

"கடன் இருக்கு. பையன் இப்பதான் தொழிலுக்கு வந்திருக்கான். ரெண்டு பேரும் முழுகறதுக்கு ஒருத்தன் முழுகினா..." என்று இழுத்தான். அவனுக்கே அந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியம் வரவில்லை. ரேலீன் எச்சிலைக் கூட்டித் தரையில் துப்பினாள். வாழ்க்கையில் அவள் அப்படித் துப்பினதில்லை. துப்பிவிட்டு வண்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது நெவில் குழிக்குள் மண்டியிட்டுத் தொட்டிச் சுவரைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். அவள் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். கறுப்புத் தாள், ஏழு மணி நேரம், ஹோட்டல், மேல் குத்தகையில் அதே கிருமி. கடைசியில் அவன் ஒன்றைத்தான் கேட்டான்.

"அவன் எடத்துல எடுத்த சிப்பியிலயா?"

"ஆமா."

"வளைவுக்கு மேல."

"ஆமாங்கறேன்."

"கடல் ஏத்தம் எவ்வளவு வந்தாலும் என் தொட்டித் தண்ணி வளைவைத் தாண்டி மேல ஏறாது," என்றான் நெவில். "அது அவனுக்குத் தெரியும். இந்த ஆத்துல பொறந்தவன் அவன். அவனுக்குத் தெரியாம இருக்காது."

"தெரிஞ்சுதான் இருந்திருக்கான்."

நெவில் எழுந்து நின்றான். குழி அவனுக்கு மார்பளவு இருந்தது. சுற்றிலும் பார்த்தான், எட்டு மாதமாகத் தோண்டின குழியை இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. "இங்கதான் நின்னான்," என்றான். "இதோ, இந்த மூலையில. 'இந்தப் பக்கமும் பார்த்துடுவோம் நெவ், எதுக்கும் பார்த்துடுவோம்'னான். தேவடியா மவன். எனக்கு டார்ச் அடிச்சுக் காட்டினான்." சொல்லிக்கொண்டே கடப்பாரையைத் தூக்கி வெளியே எறிந்தான். அது கொட்டகைத் தகரத்தில் மோதி விழுந்தது. அக்டோபருக்குப் பிறகு அந்த மனிதனிடம் ரேலீன் கேட்ட முதல் உரத்த குரல் அது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"அவனை வரச்சொல்லு," என்றான்.

"அடிக்கப் போறியா?"

"குழியை மூட."

கிளைவ் அரை மணியில் வந்துவிட்டான். வராமல் இருந்துவிட முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். நெவில் மண்வெட்டியைக் காட்டினான். கிளைவ் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு மண்ணைத் தள்ளத் தொடங்கினான். களி மழையில் ஊறிக் கனத்துக் கிடந்தது. நெவில் ஒரு சிப்பிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். ரேலீன் தேநீர் கொண்டுவந்தாள், ஒரே ஒரு கோப்பை.

ரொம்ப நேரம் கழித்துக் கிளைவ் மூச்சு வாங்க நின்றான். "நெவ், நான் எழுதிக் குடுத்துடறேன். எம் பேரை மறைக்க வேணாம்னு."

"புது விண்ணப்பம் போடணுமாம்," என்றாள் ரேலீன். "மறுபடியும் மொதல்லேர்ந்து கட்டணம்."

"நான் கட்டறேன்."

"கட்டுவ," என்றான் நெவில். "ஜூலைக்குள்ள கட்டுவ. அதுக்கு முன்னாடி உன் சம்பந்தி வீட்டுக்குப் போவ. ஆஸ்பத்திரிலேர்ந்து அவர் திரும்பி வர்ற நாளாப் பார்த்துப் போவ. அவர் மூஞ்சியைப் பார்த்து, நெவில் தொட்டி இல்லன்னு உன் வாயால சொல்லுவ. நான் பக்கத்துல நிப்பேன். அப்புறம் வெள்ளிக்கிழமை கிளப்புல, குலுக்கலுக்கு முன்னாடி, மைக்கைப் பிடிச்சு ஊருக்கும் சொல்லுவ."

கிளைவ் மண்வெட்டியின் மேல் சாய்ந்தான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மேற்கே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "சொல்றேன்," என்றான். "கொஞ்சம் கை குடேன், நெவ். தனியா முடியல."

நெவில் தேநீரை ஒரு மடக்குக் குடித்தான். கூடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எதுக்கும் அந்தப் பக்கமும் மூடிடு," என்றான். "நான் டார்ச் அடிக்கிறேன்."